எம்.எஸ். நோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்து எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோய் எதிர்ப்பு மண்டலமே மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோய் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.). அது உள்ளவரின் மருந்துகள் மூன்று வகைப்படும். நோயின் போக்கையே கட்டுப்படுத்தும் மருந்து ஒன்று. நோய் மறுபடி திடீரென்று தாக்கும்போது (மறுதாக்கம்) சில நாட்கள் மட்டும் தரப்படும் ஸ்டீராய்டு இன்னொன்று. தசை இறுக்கம், வலி, சிறுநீர்க் கோளாறு, அசதி போன்றவற்றுக்கான அன்றாட மாத்திரைகள் மூன்றாவது. முதல் வகையில் இரண்டைச் சேர்த்துத் தருவதில்லை. மூன்றாம் வகையிலோ நான்கைந்து தானாகவே சேர்ந்துவிடும். வேண்டாத மோதல்கள் அதிகம் நடப்பது அங்கேதான்.

இதைப் படித்துவிட்டு எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தவோ அளவை மாற்றவோ வேண்டாம். தசை இறுக்கத்துக்கான பேக்ளோஃபென் போன்ற சிலவற்றைத் தொடர்வதைவிடத் திடீரென்று நிறுத்துவதுதான் ஆபத்து.

நோயைக் கட்டுப்படுத்தும் மருந்து இரண்டைச் சேர்த்து எடுத்தால் இரட்டிப்புப் பலன் கிடைக்காதா?

நியாயமான கேள்விதான். புற்றுநோய், காசநோய், எச்.ஐ.வி. எல்லாவற்றுக்கும் கூட்டு மருந்துதானே தருகிறார்கள். எம்.எஸ்.ஸிலும் முயன்று பார்த்தார்கள். இரண்டு பெரிய ஆய்வுகள் இரண்டு வகையில் பாடம் கற்பித்தன.

முதலாவது காம்பிஆர்எக்ஸ் ஆய்வு. 1008 பேரிடம் இன்டர்ஃபெரான் பீட்டா-1ஏ, கிளாட்டிராமர் என்ற இரண்டு ஊசி மருந்துகளையும் சேர்த்தும் தனித்தனியாகவும் கொடுத்து மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். 2013-இல் முடிவு வெளியானது. எம்.ஆர்.ஐ. படத்தில் கூட்டு மருந்து சற்று மேலாகத் தெரிந்தது. ஆனால் நோயாளிக்கு முக்கியமான மறுதாக்க எண்ணிக்கையில், கிளாட்டிராமர் மட்டும் எடுத்தவர்களைவிடக் கூட்டு மருந்து எடுத்தவர்கள் மேலாக இல்லை. இரண்டு வகை ஊசி குத்திக்கொண்டதற்குத் தகுந்த பலன் இல்லை.

இரண்டாவது சென்டினல் ஆய்வு. இதில் இன்டர்ஃபெரான் எடுத்துவந்த 1171 பேரில் ஒரு பிரிவினருக்கு நாட்டலிசுமாப் என்ற இன்னொரு எம்.எஸ். மருந்து கூடுதலாகத் தரப்பட்டது. பலன் நன்றாகவே இருந்தது: ஆண்டுக்கு 0.75 ஆக இருந்த மறுதாக்க வீதம் கூட்டுப் பிரிவில் 0.34. ஆனால் அந்தப் பிரிவில் இருவருக்கு பி.எம்.எல். என்ற மூளைத் தொற்று வந்தது, ஒருவர் இறந்தார். பெரும்பாலானவர்கள் உடலில் அமைதியாகக் கிடக்கும் ஜே.சி. வைரஸ், காவல் தளர்ந்ததும் மூளையைத் தாக்குவதே பி.எம்.எல். இதனால் 2004 நவம்பரில் அனுமதி பெற்ற நாட்டலிசுமாப் 2005 பிப்ரவரியில் விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்டது. 2006-இல் திரும்பி வந்தபோது, தனியாக மட்டுமே தர வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. தனியாகக் கொடுத்தாலும் பி.எம்.எல். வரக்கூடும் என்பது பின்னர் தெரிந்தது. ஜே.சி. வைரஸ் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) அளவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதனால்தான்.

இன்றுள்ள மருந்துகளில் சில தனியாகவே வலுவானவை. அவற்றோடு இன்னொன்றைச் சேர்த்தால் கூடுவது பலனா தொற்று அபாயமா என்றால், அபாயம் என்பதுதான் எங்கள் பதில். ஒரு மருந்து போதவில்லை என்றால் மேலே ஒன்றைப் போடுவதில்லை. அதை எடுத்துவிட்டு வலுவான வேறொன்றைக் கொடுக்கிறார்கள்.

கொழுப்பு மாத்திரை, வைட்டமின் டி போன்றவற்றைச் சேர்த்தாலாவது பயன் உண்டா?

இன்டர்ஃபெரானுடன் சிம்வாஸ்டாட்டின் சேர்த்துப் பார்த்தார்கள். கூடுதல் பலன் இல்லை. கிளாட்டிராமருடன் தினம் 5000 அலகு வைட்டமின் டி கொடுத்து 600 அலகு எடுத்தவர்களுடன் ஒப்பிட்டார்கள், மறுதாக்கம் குறையவில்லை. இரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்ய எடுங்கள், எலும்புக்கு நல்லது. எம்.எஸ். மருந்தின் வலுவைக் கூட்டும் என்று எண்ணி அளவை ஏற்றிக்கொண்டே போனால் கால்சியம் ஏறிச் சிறுநீரகம்தான் பாதிக்கப்படும்.

ஒரு மருந்தை நிறுத்திவிட்டு மற்றொன்றைத் தொடங்குகிறேன். இதுவும் சேர்த்து எடுப்பதுதானா?

ஆம். பலரும் கவனிக்கத் தவறும் இடம் இது. மாத்திரையை நிறுத்திய நாளில் அது உடலைவிட்டுப் போய்விடுவதில்லை. மருந்தே போனாலும் அது நோய் எதிர்ப்பு மண்டலத்தில் ஏற்படுத்திய மாற்றம் பல மாதங்கள் நிற்கலாம். அந்த நேரத்தில் அடுத்த மருந்தைத் தொடங்கினால், சீட்டில் ஒன்றுதான் இருக்கும். உடலில் இரண்டு இருக்கும்.

மருந்துக்கு மருந்து காலம் வேறுபடும். இன்டர்ஃபெரான், கிளாட்டிராமர் இரண்டும் எளிது: இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் பொதுவாக இடைவெளி இல்லாமல் அடுத்ததற்குப் போகலாம். டெரிஃப்ளூனமைடு அதற்கு நேரெதிர். இரத்தத்தில் மிகக் குறைந்த அளவுக்கு இறங்கச் சராசரியாக 8 மாதம், சிலருக்கு 2 ஆண்டு வரை ஆகும். குடலுக்கும் கல்லீரலுக்கும் இடையே அது சுற்றிக்கொண்டே இருப்பதுதான் காரணம். அவசரமாக வெளியேற்ற வேண்டுமானால் கொலஸ்டிரமின் பொடி 8 கிராம், நாளுக்கு மூன்று வேளை, 11 நாட்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் 4 கிராம். அல்லது செயலூட்டிய கரித்தூள் 50 கிராம், நாளுக்கு இரண்டு வேளை, 11 நாட்கள். முடிந்ததும் இரத்தத்தில் அளவைப் பார்த்து உறுதி செய்வார்கள். இந்தப் பொடி குடலில் மற்ற மாத்திரைகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், உங்கள் வழக்கமான மாத்திரைகளுக்கான நேரத்தை மருத்துவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

டைமெத்தில் ஃபியூமரேட் சில மணி நேரத்தில் உடலைவிட்டு நீங்கிவிடும். ஆனால் அதனால் குறைந்துபோன லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் ஏற வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். ஃபிங்கோலிமாடுக்குப் பின் அவை இயல்புக்குத் திரும்ப ஒன்றிரண்டு மாதம். ஆக்ரெலிசுமாப் போட்டபின் பி-செல்கள் (லிம்போசைட்டில் ஒரு வகை) திரும்ப எடுக்கும் காலத்தின் இடைநிலை 72 வாரம். கிளாட்ரிபினிலும் அலெம்டுசுமாபிலும் மருந்து சீக்கிரம் போய்விடும், விளைவு நெடுநாள் நிற்கும்.

அப்படியானால் எல்லாம் முழுவதும் வடியும்வரை காத்திருக்கலாமே என்றால், அதுவும் தவறு. நாட்டலிசுமாபை நிறுத்தி மூன்று மாதத்துக்கு மேல் சும்மா இருந்தால் அடங்கிக் கிடந்த நோய் திரும்பி எழக்கூடும். ஃபிங்கோலிமாடை நிறுத்திய பிறகும் சிலருக்கு முன்பிருந்ததைவிடக் கடுமையான தாக்கம் வருகிறது. இந்த இரண்டிலும் இடைவெளியை வாரக் கணக்கில் திட்டமிடுகிறார்கள். பி.எம்.எல். அறிகுறி ஏதும் இல்லை என்று புதிய எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டே அடுத்த மருந்தைத் தொடங்குவது வழக்கம். நாட்டலிசுமாப் காலத்தில் தொடங்கிய பி.எம்.எல். அடுத்த மருந்தின்போது வெளிப்பட்ட சம்பவங்கள் உண்டு. அதனால், பழைய மருந்தை நிறுத்தும் அன்றே புதியதைத் தொடங்கும் தேதியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுதாக்கம் வந்தால் ஸ்டீராய்டு எடுக்க வழக்கமான மருந்தை நிறுத்த வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். மெத்தில்பிரெட்னிசலோன் நாளுக்கு 1000 மி.கி., 3 முதல் 5 நாள், நரம்பு வழியாகவோ மாத்திரையாகவோ தருவது வழக்கம். இரண்டு வழிகளும் பலனில் ஏறத்தாழ ஒன்றே.

தொடங்குமுன் சிறுநீரைச் சோதித்துவிடுவது முக்கியம். சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் பழைய அறிகுறிகளையே தூண்டி மறுதாக்கம் போலக் காட்டும். அந்த நிலையில் ஸ்டீராய்டு கொடுத்தால் தொற்றுக்குத் தீனி போட்டதாகிவிடும். சர்க்கரை நோய் இருந்தால் அந்த ஐந்து நாளும் சர்க்கரை எகிறும். இன்சுலின் அளவைக் கூட்ட நேரலாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ஐ.என்.ஆர். (இரத்தம் உறைவதை அளக்கும் சோதனை அளவு) ஏறக்கூடும் என்பதால் வாரம் கடக்குமுன் பார்க்க வேண்டும். தூக்கம் கெடாமலிருக்க மருந்தைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

ஸ்டீராய்டுக்கு மசியாத தாக்கத்துக்கு பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை செய்வதுண்டு. அது இரத்தத்தில் உள்ள ஆன்டிபாடி மருந்துகளையும் சேர்த்து எடுத்துவிடும். அண்மையில் நாட்டலிசுமாப் போன்ற ஊசி போட்டிருந்தால் அதன் தேதியைக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஊசிக்கு முன்னால் இத்தனை மாத்திரை எதற்கு?

இவை மருந்தின் பக்கவிளைவைத் தணிப்பதற்கு. இந்தச் சேர்க்கை பாதுகாப்பானது, தேவையானதும்கூட. ஆக்ரெலிசுமாப் ஏற்றும்போது அரைமணி நேரம் முன்பு மெத்தில்பிரெட்னிசலோன் 100 மி.கி., 30 முதல் 60 நிமிடம் முன்பு ஒவ்வாமை எதிர்ப்பு மருந்து, சில வேளை பாராசிட்டமாலும் உண்டு. ஏற்றும்போது இரத்த அழுத்தம் இறங்கலாம் என்பதால், அழுத்த மாத்திரையை முந்தைய 12 மணி நேரம் தள்ளிவைக்கச் சொல்வார்கள். சொன்னால் மட்டும் தள்ளிவையுங்கள்.

அலெம்டுசுமாபுடன் அசைக்ளோவிர் 200 மி.கி. இரண்டு வேளை, குறைந்தது இரண்டு மாதம் தொடரும். ஹெர்பிஸ் வைரஸ் தொற்று வராமல் தடுக்கவே அது. ஊசி முடிந்துவிட்டதே என்று பாதியில் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

டைமெத்தில் ஃபியூமரேட்டால் முகம் சிவந்து எரிந்தால், அரைமணி முன்பு உறையிடாத சாதாரண ஆஸ்பிரின் எடுப்பது உதவும். வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. சாப்பாட்டோடு மாத்திரையைப் போட்டாலே பாதிப் பேருக்கு எரிச்சல் அடங்கிவிடுவதைப் பார்க்கிறோம். முதலில் அதை முயலுங்கள்.

தசை இறுக்கத்துக்கு பேக்ளோஃபெனும் டிசானிடினும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். சரியா?

செய்யப்படுவதுதான். ஒன்றின் அளவை உச்சத்துக்கு ஏற்றுவதைவிட இரண்டையும் குறைந்த அளவில் தருவது சிலருக்கு ஒத்துவரும். ஆனால் இரண்டுமே தூக்கம் தரும். கூடவே நரம்பு வலிக்கான கேபாபென்டின் அல்லது பிரிகாபலின், அதற்கு மேல் வலி மாத்திரையான டிராமடால், இரவில் தூக்க மாத்திரை என்று வந்தால் மூச்சே மந்தமாகலாம். மது இதில் எந்த அளவிலும் சேரக் கூடாது.

ஒரே வாரத்தில் இரண்டையும் தொடங்க வேண்டாம். பேக்ளோஃபெனை 5 மி.கி. மூன்று வேளையில் தொடங்கி, சில நாட்களுக்கு ஒருமுறை கூட்டி, நிலைத்தபின் டிசானிடினை 2 மி.கி.யில் தொடங்குவது நல்ல முறை. அப்போதுதான் மயக்கம் எதனால் என்று தெரியும். இறுக்கம் முழுவதையும் போக்கிவிட்டால் கால் துவண்டுவிடும்; பலர் அந்த இறுக்கத்தை வைத்துத்தான் நிற்கிறார்கள்.

பேக்ளோஃபெனைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனப்பிரமையும் வரலாம். தண்டுவடத்துக்கு பேக்ளோஃபென் செலுத்தும் பம்பு வைத்திருப்பவர்களுக்கு மருந்து தீர்ந்துபோவது அவசர நிலை: காய்ச்சல், கடும் விறைப்பு, தசைச் சிதைவு வரை போகும்.

சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் எழுதினார்கள். கவனிக்க வேண்டியது உண்டா?

டிசானிடின் எடுப்பவராக இருந்தால் இந்தப் பக்கத்தில் உங்களுக்கு மிக முக்கியமான பதில் இதுதான். இரண்டையும் சேர்க்கக் கூடாது. டிசானிடினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை சிப்ரோஃப்ளாக்சசின் முடக்கிவிடும். இரத்தத்தில் டிசானிடின் அளவு ஏறத்தாழ பத்து மடங்காகும். அழுத்தம் சரிந்து, எழுந்து நின்றதும் விழுந்துவிடுவார்கள். மனநோய்க்குத் தரும் ஃப்ளூவாக்சமின் இன்னும் மோசம்: முப்பது மடங்குக்கு மேல்.

எம்.எஸ். உள்ளவர்களுக்கு இது அடிக்கடி நேரக் காரணம் இருக்கிறது. சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாததால் தொற்று திரும்பத் திரும்ப வரும். தொற்றால் இறுக்கமும் கூடும். அதற்கு டிசானிடின் ஏற்கெனவே இருக்கும். தொற்றுக்கு மருந்து எழுதுபவர் நரம்பியல் மருத்துவராக இருக்கமாட்டார். "டிசானிடின் எடுக்கிறேன்" என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள். கருத்தடை மாத்திரையும் டிசானிடின் அளவை ஏற்றும், அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும்.

சிறுநீர்ப்பை மாத்திரை, வலி மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை மூன்றும் எடுக்கிறேன்.

ஆக்சிபியூட்டினின் போன்ற சிறுநீர்ப்பை மாத்திரைகளும் அமிட்ரிப்டிலினும் உடலில் ஒரே வேலையைச் செய்பவை: அசிட்டைல்கோலினைத் தடுப்பவை. ஒவ்வொன்றும் தனியாக அளவாக இருந்தாலும் கூடினால் வாய் வறளும், மலம் கட்டும், பார்வை மங்கும், மறதி கூடும், சிறுநீர் அடைத்துக்கொள்ளும். இந்த மறதி எம்.எஸ்.ஸினால் வந்தது என்றே பலரும் நினைத்துவிடுகிறார்கள். புதிதாக மறதி வந்தால் முதலில் மருந்துப் பட்டியலைப் பார்க்க வேண்டும். மாற்றாக மிராபெக்ரான் உண்டு. அது மறதி தராது, இரத்த அழுத்தத்தை ஏற்றலாம். எந்த மாத்திரையானாலும், தொடங்குமுன் சிறுநீர் கழித்தபின் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் பார்ப்பது அவசியம்.

மனச்சோர்வு மாத்திரையுடன் டிராமடால் சேர்ந்தால் சிக்கல் வேறு. செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் மிகுந்து நடுக்கம், வியர்வை, படபடப்பு, காய்ச்சல், தசை வெட்டுதல் வரும். டுலாக்செட்டினும் அமிட்ரிப்டிலினும் இதே பக்கம் எடை சேர்ப்பவை. இந்த நடுக்கத்தையும் எம்.எஸ். என்று தவறாக எண்ணலாம். புது மாத்திரை தொடங்கிய ஓரிரு நாளில் வந்ததா என்பதே துப்பு.

நடையை மேம்படுத்தும் ஃபாம்ப்ரிடினை மற்றவற்றோடு எடுக்கலாமா?

எடுக்கலாம், சில நிபந்தனைகளோடு. 10 மி.கி., 12 மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை. ஒரு வேளை மாத்திரை தவறினால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகப் போடக் கூடாது. மாத்திரையை உடைக்கக் கூடாது, மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கி வலிப்பு வரலாம். வலிப்பு வரலாறோ குறைந்த சிறுநீரகச் செயல்பாடோ இருந்தால் எடுக்கவே கூடாது. வயிற்றெரிச்சலுக்கான சிமெட்டிடின் இதன் அளவை ஏற்றும் என்பதால் அதையும் தவிர்க்க வேண்டும்.

இதய மாத்திரை எடுப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

ஃபிங்கோலிமாடும் அதன் குடும்பத்தைச் சேர்ந்த சிபோனிமாட், ஓசானிமாட், பொனெசிமாட் ஆகியவையும் தொடக்கத்தில் இதயத் துடிப்பைக் குறைக்கும். ஃபிங்கோலிமாடின் முதல் மாத்திரைக்குப் பின் 6 மணி நேரம் உட்காரவைத்து நாடி, அழுத்தம், ஈ.சி.ஜி. பார்ப்பது இதற்காக. பீட்டா தடுப்பான், வெரப்பாமில், டில்டியாசெம், டிகாக்சின் ஏதாவது எடுத்தால் துடிப்பு மேலும் இறங்கும். முன்கூட்டி இதய மருத்துவரிடம் பேசி மாற்றுவதோ நீண்ட கண்காணிப்போ வேண்டும். முதல் மாதத்துக்குப் பின் 14 நாளுக்கு மேல் ஃபிங்கோலிமாட் விட்டுப்போனால், மறுபடி முதல் மாத்திரை போலவே கண்காணிப்போடு தொடங்க வேண்டும்.

இந்தக் குடும்பத்துக்குள்ளேயும் வேறுபாடு உண்டு. பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோலை சிபோனிமாடுடன் தவிர்க்க வேண்டும். ஓசானிமாடுடன், மனச்சோர்வுக்கும் பார்க்கின்சன் நோய்க்கும் தரும் எம்.ஏ.ஓ. தடுப்பான்கள் கூடாது, லினசோலிட் என்ற ஆன்டிபயாடிக்கும் அந்த வகைதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கருத்தடை மாத்திரையின் பலன் குறையுமா?

எம்.எஸ். கட்டுப்பாட்டு மருந்துகளைவிட, பக்கத்தில் எடுக்கும் மாத்திரைகளால்தான் குறையும். முக நரம்பு வலிக்கான கார்பமசெபினும் அசதிக்கான மொடாஃபினிலும் கருத்தடை ஹார்மோனை வேகமாகச் சிதைக்கச் செய்யும். மொடாஃபினிலை நிறுத்தியபின்னும் ஒரு மாதம் வேறு தடுப்பு முறை வேண்டும். டெரிஃப்ளூனமைடு, கிளாட்ரிபின், ஃபிங்கோலிமாட் எடுக்கும்போது கரு உண்டாவது ஆபத்து என்பதால் இந்தக் கூட்டு இன்னும் கவனத்துக்குரியது. கர்ப்பம் தரிக்கத் திட்டமிட்டால் நிறுத்தும் காலம் ஃபிங்கோலிமாடுக்கு இரண்டு மாதம், கிளாட்ரிபினுக்குக் கடைசி மாத்திரைக்குப் பின் ஆறு மாதம்.

எனக்கு முடக்குவாதமும் இருக்கிறது. அதற்கான ஊசி போடலாமா?

இன்ஃப்ளிக்சிமாப், எட்டனர்செப்ட், அடலிமுமாப் போன்ற டி.என்.எஃப். தடுப்பான்கள் (அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். புரதத்தைத் தடுப்பவை) வேண்டாம். அவை எம்.எஸ்.ஸை மோசமாக்கும். லெனர்செப்ட் என்ற அத்தகைய மருந்தை எம்.எஸ். நோயாளிகளிடமே சோதித்தபோது, 1999-இல் வெளியான முடிவில் மறுதாக்கம் கூடியிருந்தது. முடக்குவாதத்துக்கு லெஃப்ளூனமைடு எடுப்பவர் டெரிஃப்ளூனமைடு எடுக்கக் கூடாது; முன்னது உடலில் பின்னதாகவே மாறுகிறது. ரிட்டுக்சிமாப் போன்ற பி-செல் மருந்து இரண்டு நோய்க்கும் உதவக்கூடும். இரண்டு மருத்துவர்களையும் ஒரே மருந்தில் உடன்படவைக்க முடிந்தால் அதைவிட நல்லது இல்லை.

தடுப்பூசி?

உயிருள்ள கிருமி அடங்கியவற்றை நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகளோடு போடக் கூடாது. மற்றவற்றைப் போடலாம், ஆனால் பி-செல் மருந்துகளில் பலன் குறையும். ஆக்ரெலிசுமாப் தொடங்குவதானால் உயிருள்ளவற்றை நான்கு வாரம் முன்பும், மற்றவற்றை இயன்றவரை இரண்டு வாரம் முன்பும் முடித்துவிட வேண்டும்.

பயோட்டின், மூலிகை மாத்திரைகள்?

அதிக அளவு பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) ஒரு காலத்தில் எம்.எஸ்.ஸுக்கு நம்பிக்கையாகப் பேசப்பட்டது. பெரிய ஆய்வில் அது நிற்கவில்லை. இதைவிட நடைமுறைத் தொல்லை, அது தைராய்டு, இதயப் பரிசோதனை முடிவுகளைப் பொய்யாக்கும். அலெம்டுசுமாபுக்குப் பின் தைராய்டைத் தொடர்ந்து பார்க்க வேண்டியவர்களுக்கு இது குழப்பம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை பல மருந்துகளை வேகமாகச் சிதைக்கச் செய்யும். ஃபிங்கோலிமாடுடன் அது கூடாது. நோய் எதிர்ப்பைக் கூட்டும் என்று விற்கும் எதையும் இங்கே வாங்காதீர்கள். உங்கள் சிகிச்சை அதைக் குறைக்கத்தான் பாடுபடுகிறது.

மருத்துவரிடம் போகும்போது பட்டியலில் என்னென்ன எழுத வேண்டும்?

ஒவ்வொரு மருந்தின் மூலப்பெயர், அளவு, எடுக்கும் நேரம், தொடங்கிய தேதி. நிறுத்திய எம்.எஸ். மருந்துகளையும் கடைசி வேளையின் தேதியோடு, இரண்டு ஆண்டு பின்னோக்கி எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது இதுதான். ஊசி, டிரிப் எல்லாம் மருத்துவமனையிலேயே போடுவதால் வீட்டுப் பட்டியலில் வருவதில்லை, அவற்றையும் சேர்க்க வேண்டும். தேவைப்படும்போது மட்டும் போடும் வலி மாத்திரை, நெஞ்செரிச்சல் மருந்து, வைட்டமின்கள், கடைசி லிம்போசைட் எண்ணிக்கை, கல்லீரல் பரிசோதனை, கடைசி எம்.ஆர்.ஐ. தேதி. இதன் நகலைப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பல் மருத்துவரிடம் காட்டினாலும் பயன்படும்.